ஹாலுக்கு நேரே ஒரு கதவு

மூன்று வாரங்களுக்கு முன்பு என் அக்கா தனலெட்சுமி மூன்று நாள் மருத்துவமனையில் படுத்திருந்தாள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்.

தண்ணீர் குடிக்கவில்லை. அவ்வளவுதான்.

குழாயில் தண்ணீர் வரவில்லையா? வந்தது. பிரிட்ஜில் இரண்டு பாட்டில் எப்போதும் இருந்தது. குடிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. அவளாகத்தான் குடிக்கவில்லை. காய்ச்சல், நடுக்கம், சிறுநீரில் கிருமி... "மாக்சிக், ஆயர் மீனும் தாக்?" — தண்ணீர் குடிக்கிறீர்களா இல்லையா — என்று அந்த மலாய் டாக்டர் பெண் மூன்று தடவை கேட்டார். அக்கா மூன்று தடவையும் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா? அது அவளுக்கே வெளிச்சம்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வயது அறுபத்தாறு, சர்க்கரை வேறு இருக்கிறது, இன்னொரு முறை இப்படி வந்தால் கிட்னியில் கை வைத்துவிடும் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் கோபம் எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

"ஏன்க்கா, தண்ணி குடிக்க ஒனக்கு என்ன கேடு? சின்னப் புள்ளையா நீ?"

அக்கா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். மகள் யோகேஸ்வரி கேண்டீனுக்குப் போயிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"மாப்பிள்ளை ஹால்ல உக்காந்திருக்காருடி."

"உக்காந்தா?"

"டாய்லெட் கதவு அவரு மூஞ்சிக்கு நேரா இருக்கு. நான் எப்படிப் போறது? போனாலும் அந்த ஃப்ளஷ்ஷ அமுக்குனா ஊருக்கே கேக்குது. அசிங்கமா இருக்குல்ல?"

சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. குடிக்காத தண்ணீர் எங்கிருந்து வந்ததோ...

கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன். போன வருடம்வரை அக்கா சிடாம் கிரி பக்கம் தனியாகத்தான் இருந்தாள். வீட்டுக்குப் பின்னால், பத்தடி தள்ளி, தகரக் கதவு போட்ட குந்தும் கக்கூஸ். முட்டியில் ஆபரேஷன் செய்த பிறகு குந்தவும் முடியாது, மாடிப்படி ஏறவும் முடியாது. யோகேஸ்வரி தன் கூலிம் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். கீழ்த்தளத்தில் உட்காரும் டாய்லெட் ஒன்றுதான். அதன் கதவு திறப்பது ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். யோகேஸ்வரி காலையில் வேலைக்குப் போய்விடுவாள். மாப்பிள்ளை சுகுமாரனுக்கு பேக்டரியில் ஷிப்ட் வேலை. வாரத்தில் பாதி நாள் பகலில் வீட்டில்தான் இருப்பார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம். தங்கமான பிள்ளை. ஆனால் தங்கம் சோபாவில் உட்கார்ந்திருக்கிறதே.

அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் அக்கா காலையில் அரை டம்ளர் காப்பியோடு நிறுத்திக்கொள்வாளாம். அவர் சாயங்காலம் கடைக்குக் கிளம்பும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். அதுவும் எட்டு மாதமாக.

இதற்கு எங்கிருந்து பழகினாள்? எனக்குத் தெரியும். நானும் அங்கிருந்து வந்தவள்தானே.

எங்கள் தோட்டத்தில் லயத்து வீடுகளின் கோடியில், ரப்பர் மரங்களை ஒட்டி, வரிசையாக ஆறு கக்கூஸ். எத்தனை குடும்பத்துக்கு என்று கேட்காதீர்கள். பெண்கள் விடியுமுன் இரண்டிரண்டு பேராகப் போய்விட்டு வந்துவிட வேண்டும். அதன் பிறகு பெரட்டு — காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம். அங்கிருந்து நேராகக் காடு. அக்கா பதினேழு வயதில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்க, போனவள். மரத்துக்கு மரம் மண்டோர் — வேலையை மேற்பார்க்கும் கங்காணி — சுற்றிக்கொண்டிருப்பார். ஆண்கள் எந்த மரத்தடியிலும் நின்றுகொள்வார்கள். பெண்கள்? காலையில் எங்கள் அம்மா சொல்வது இன்னும் காதில் கேட்கிறது. "தண்ணி குடிக்காதடி, காட்டுல அவஸ்தப்படுவ."

எந்தத் தாயாவது பிள்ளையிடம் தண்ணீர் குடிக்காதே என்பாளா? எங்கள் தாய்மார்கள் எல்லோரும் சொன்னார்கள். அக்கறையாகத்தான் சொன்னார்கள்.

டவுனில் மட்டும் என்ன வாழ்ந்தது? சுங்கை பட்டாணி கடைத்தெருவில் பெரியப்பா வீட்டுக்குப் போனால் அங்கே வாளிக் கக்கூஸ். பின்சந்துப் பக்கம் சுவரில் ஒரு சின்னக் கதவு. ஒருவர் வந்து அதைத் திறந்து நிறைந்த வாளியை எடுத்துவிட்டுக் காலி வாளியை வைப்பார். அவர் வருகிற சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவோம். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு ஃப்ளஷ் டாய்லெட்டின் கதையைத் தேடிப் படித்தேன். என் புத்தி அப்படி. அந்தக் காலத்தில் இங்கிலாந்து ராணி ஒருத்திக்கு அவளுடைய ஞானமகன் ஒன்றைச் செய்து கொடுத்தானாம். தண்ணீர் இறங்குகிற சத்தத்தைக் கேட்டு ராணி அதன் பக்கமே போகவில்லை என்று ஒரு கதை. உண்மையோ பொய்யோ... அக்காவுக்கு அரச பரம்பரையில் ஒரு துணை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு ரொம்ப காலம் கழித்து, கடிகாரம் செய்கிற ஒருவர்தான் குழாயை வளைத்தாராம். நம் வீட்டு டாய்லெட்டின் அடியில் குழாய் வளைந்து போகிறதே, அதுதான். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். கீழேயிருந்து வரும் நாற்றத்தை அந்தத் தண்ணீர் மேலே விடாது. அதனால்தான் தோட்டத்துக் கோடியில் இருந்தது மெல்ல மெல்ல வீட்டின் பின்புறம் வந்து, அடுப்படி பக்கம் வந்து, கடைசியில் ஹாலுக்கே வந்துவிட்டது.

எல்லாம் சரி. நாற்றத்தை நிறுத்த ஒரு வளைவைக் கண்டுபிடித்தார்கள். மாமியாரின் கூச்சத்துக்கு யார் என்ன கண்டுபிடித்தார்கள்?

டிஸ்சார்ஜ் ஆகும்போது அக்கா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை காதுக்கு இது போகக்கூடாது. போச்சுன்னா நான் சிடாம் கிரிக்கே போயிடுவேன். சொல்லிட்டேன்."

அங்கே போனால் அந்த முட்டியை வைத்துக்கொண்டு எங்கே குந்துவாள்? இங்கே இருந்தால் கிட்னி, அங்கே போனால் முட்டி. சத்தியம் செய்தேன். மறுநாளே யோகேஸ்வரிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பத்தி எழுதுகிறவளிடம் ரகசியம் சொன்னது அக்காவின் தப்பு.

போன வாரம் கூலிமுக்குப் போயிருந்தேன். காலை பத்து மணி. வாசலில் சுகுமாரன் கார் கழுவிக்கொண்டிருந்தார். புத்தம் புதிய ஹோஸ். தண்ணீர் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி காரின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. காருக்குள் ரேடியோ வேறு அலறியது.

உள்ளே போனால், அக்கா டாய்லெட்டிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மதியம் சாப்பிட்டு முடித்தோம். சுகுமாரன் மறுபடி வாளியோடு கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன்.

"காலையிலதானே கழுவுனீங்க?"

"தூசிலா, சின்னத்தை." என் முகத்தைப் பார்க்காமல் டயருக்குத் தண்ணீர் அடித்தார்.

சாயங்காலம் யோகேஸ்வரி வேலை முடிந்து வந்ததும் அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"நான் சொன்னத அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னேன் சின்னம்மா. எழுந்து போயி ஹோஸ் வாங்கிட்டு வந்தாரு. வீட்ல இருந்தா ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ கழுவுறாரு. பக்கத்து வீட்டு அங்கிள் இவருக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பாக்குறாரு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. மாப்பிள்ளைக்குக் கார்ப் பைத்தியம் பிடிச்சிருக்கு, அந்த நேரம் பாத்து நான் போயிட்டு வந்துடுறேன்னு என்கிட்டயே சொல்றாங்க."

பாவம் அக்கா, வெகுளி என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் பிறந்தவள் என்பதை அடிக்கடி மறந்துபோகிறேன்.

கிளம்புவதற்கு முன் ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சுகுமாரன் சோபாவில், டிவியில் கண். யோகேஸ்வரி பெரிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அக்கா அதை எடுத்தாள். மாப்பிள்ளைக்கு எதிரிலேயே, ஒரு மிடறு விடாமல் குடித்துக் காலி டம்ளரைக் கீழே வைத்தாள். எட்டு மாதத்தில் நான் பார்க்காத காட்சி.

கால் மணி நேரம் போயிருக்கும். அக்கா ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், சாதாரணமாகச் சொன்னாள்.

"மாப்பிள்ளை, கார் கண்ணாடியில ஏதோ தூசி மாதிரி தெரியுது."

"ஆமா அத்தை, நானும் பாத்தேன்." சுகுமாரன் எழுந்தார். ரேடியோ அலற ஆரம்பித்தது.

அவர் ஹோஸைத் திறப்பதற்குள் நான் போய் அந்தக் கண்ணாடியை நன்றாகக் குனிந்து பார்த்தேன்... ஒரு பொட்டுத் தூசி இல்லை.