பையின் அடியில் இருந்த பழைய படம்

மாத்தளையில் நான் காசு கட்டி நம்பர் எடுத்து டொக்டரைச் சேனல் பண்ணப் போகும் இடத்தில் நம்பர் கூப்பிடும் மனிதரை எனக்குப் பிடிக்காது. ஒல்லியான உடம்பு, காதில் செருகிய சிவப்புப் பேனை. யாருடைய முகத்தையும் பார்க்கமாட்டார். நடந்து வரும் கால்களைத்தான் பார்ப்பார்.

என் இடது கால் மரத்து ஒரு கண் மங்கியபோது, கண்டியில் மூளையை ஸ்கேன் செய்த டொக்டர், நரம்பின் உறையை அரிக்கும் எம்.எஸ். நோய் என்றார். நான் நம்பவில்லை. எட்டு மாதம் கழித்துப் புதிதாக ஸ்கேன் எடுத்துக்கொண்டு மாத்தளையில் இன்னொரு டொக்டரிடம் போனேன். கண்டியில் எடுத்த பழைய ஸ்கேன் படத்தைக் காட்டினால் இவரும் அதையே சொல்லிவிடுவார் என்று பயந்து, அதைப் பையின் அடியில் மறைத்திருந்தேன்.

"அக்கா, பழைய படம் எங்க?" என்றார் நம்பர் கூப்பிடும் அந்த மனிதர்.

"இல்லீங்க."

"கால இழுத்துக்கிட்டு வாறீங்க, இதுதான் மொதல் படமா? டொக்டருக்கே பரீட்ச வைக்கிறீங்களா?"

காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரே என் பைக்குள் கைவிட்டுப் பழைய படத்தை உருவினார்.

டொக்டர் இரண்டு படங்களையும் விளக்குப் பலகையில் மாட்டினார். பழையதில் இல்லாத இரண்டு வெள்ளைப் புள்ளிகள் புதியதில் இருந்தன.

"எட்டு மாசத்துல நோய் வளந்திருக்கு. புதுச மட்டும் பாத்திருந்தா அது தெரிஞ்சிருக்காது, கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்னு அனுப்பியிருப்பேன்," என்று சொல்லி, மருந்தை அன்றே தொடங்கினார்.

அந்தச் சிரிப்புக்காக நம்பர்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எல்லாப் படங்களையும் அவர் கண்ணில் படும்படி கையில் பிடித்துக்கொண்டுதான் போகிறேன். அவர் இன்னும் என் காலைத்தான் பார்க்கிறார்.