எல்லையில் தவறிய நிறுத்தம்

கல்யாணமாகி ஓசூர் வந்த புதிதில் சமையல், சினிமா, அழகுக் குறிப்பு என்று இணையத்தில் எழுதிப் பார்த்தேன். என் கணவரைத் தவிர யாரும் படிக்கவில்லை.

ஒருநாள் காலை வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் கண்ணயர்ந்துவிட்டேன். பதறி இறங்கினால் கர்நாடக எல்லை. சுற்றிலும் பனிமூட்டம், எங்கிருந்தோ ரோஜா வாசம், கனவுக்குள் நிற்பது போலிருந்தது. டீக்கடைக்கார அம்மா கன்னடத்தில் ஏதோ கேட்டார், பிறகு தெலுங்கில். நான் மிரண்டு விழிப்பதைப் பார்த்து, "உக்காரும்மா, பனி விலகட்டும்" என்றார் தமிழில். அழுகையே வந்துவிட்டது.

அதை அப்படியே எழுதினேன். "நானும் வந்த புதுசுல இப்படித்தான் முழிச்சேன்க்கா, இன்னும் எழுதுங்க" என்று ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பதில் போட்டாள்.

இப்போது இந்த ஊருக்குப் புதிதாக வந்து திகைக்கிறவர்களுக்காக மட்டுமே எழுதுகிறேன். எழுதும்முன் அவர்களில் ஒருவரிடமாவது உட்கார்ந்து பேசிவிடுகிறேன்.