ஸ்லோவில் நிற்காத வண்டி

ஓட்டும்போது வண்டிக்கு ஒரு குறையும் கிடையாது. தென்காசியிலிருந்து குற்றாலம் வரை சாரலில் நனைந்துகொண்டு சொன்ன பேச்சைக் கேட்டு வரும். ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்தால்தான் வினை. இரண்டு இருமல் இருமிவிட்டு அணைந்துவிடும். மெக்கானிக்குகள் இதை ஸ்லோவில் நிற்கவில்லை என்பார்கள். இருபது வருடப் பழைய வண்டி, பட்டனைத் தட்டினால் கிளம்புகிற ஜாதி இல்லை, மிதிக்க வேண்டும். சீசன் கூட்டத்தில் நிற்க நேர்ந்தால் முறுக்கிக்கொண்டே இருந்து சமாளித்துவிடுவேன். அது என் கைக்கு ரொம்ப நாள் பழக்கம்.

வீட்டு கேட்டுக்கு முன்னால்தான் மானம் போகும். எங்கள் வாசல் தெருவைவிட உயரம். இறங்கிப் போய் கேட்டைத் திறப்பதற்குள் எஞ்சின் அணைந்துவிடும். உருட்டி மேலே ஏற்ற முழங்கால் சம்மதிக்காது. மறுபடி உட்கார்ந்து மிதி மிதியென்று மிதிப்பேன். தெருவே வேடிக்கை பார்க்கிற மாதிரி இருக்கும்.

மனைவி போன பங்குனியில் இறந்துபோனாள். சென்னையில் இருக்கும் மகள், வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே வந்துவிடும்படி தினமும் போனில் சொல்கிறாள். தனியாக நன்றாகத்தான் இருக்கிறேன் என்று வாதாட என் பக்கம் இருந்த ஒரே சாட்சி இந்த வண்டி. நேற்றுகூட ஐந்தருவி வரை போய் வந்தேன் என்று சொல்வேன். வண்டி படுத்தால் என் கேஸும் படுத்துவிடும்.

நான் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே விசாரணையில் இறங்கினேன். முதல் சந்தேகம் பெட்ரோல்மேல். வேறு பங்க்கில் போட்டுப் பார்த்தேன். பிளக்கைக் கழற்றிக் கரியைத் தேய்த்தேன், பிறகு புதிதாகவே வாங்கிப் போட்டேன். ஏர் ஃபில்டரைத் தட்டி உதறினேன். ஸ்லோ ஸ்குருவைத் திருகி ஏற்றினேன். வண்டி கோயில் கொடைக்குக் கட்டிய மைக்செட் மாதிரி அலறியது, கியர் போட்டதும் என்னைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. இறக்கினால் பழையபடி இருமல். எத்தனையோ அழுத்தக்காரர்களைப் பேச வைத்திருக்கிறேன். இந்தக் கார்புரேட்டர் வாயைத் திறக்கவில்லை.

ஸ்டேஷனுக்குப் புகாரோடு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, எப்போதிருந்து என்பதுதான். அதை நான் என்னிடம் கேட்கவே இல்லை. மனைவி போன பிறகு வண்டியும் கெட்டுவிட்டது என்று மனசுக்குள் முன்பே முடிவு கட்டியிருந்தேன். அப்படி நினைத்துக்கொள்வதில் ஒரு ஆறுதலும் இருந்தது. அவளுக்காக வாடுவது நான் மட்டும் இல்லையே.

ஒரு நாள் சாயங்காலம் நல்ல சாரல். மிதிக்கும்போது கிக்கர் வழுக்கி முழங்காலில் அடித்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா குடையோடு ஓடிவந்து கேட்டை விரியத் திறந்துவிட்டாள். வலியில் வண்டியைத் திட்டினேன். என் வீட்டுக்காரி இருந்தவரை ஒழுங்காக இருந்த சனியன், இப்போது படுத்துகிறது என்றேன்.

“அது எப்பமும் இப்படித்தான அண்ணாச்சி. மதினி இருக்கயில நீங்க கேட்டுல நின்னாத்தான தெரியும்?”

பிறகு அவளே விவரமாகச் சொன்னாள். தெரு முக்கில் என் வண்டிச் சத்தம் கேட்டதும் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடுவாளாம். மாவுக் கையோடும் வருவாளாம், மழையென்றால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்பாளாம். நான் நேராக உள்ளே போய்விடுவேன், சாவியைத் திருப்பி அணைப்பேன். கேட் திறந்திருப்பது எனக்கு வெயில் அடிப்பது மாதிரி சாதாரணம்.

“ஒரு தடவ கேட்டேன், அவுக எறங்கித் தொறந்துக்கிட மாட்டாவளான்னு. ‘வண்டி நின்னுரும்ட்டி, திரும்ப மிதிச்சா அவுகளுக்கு முட்டி வலிக்கும்’னு மதினி சொன்னாவ.”

மறுநாள் இலஞ்சி ரோட்டில் இருக்கும் மெக்கானிக்கிடம் விட்டேன். கார்புரேட்டரை இறக்கி, ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடுகிற சின்ன ஜெட்டை எடுத்துக் காட்டினான். துளை பச்சைக் களிம்பேறி அடைத்துக் கிடந்தது. இது பல வருடத்து அடைப்பு, இத்தனை நாள் எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டான். ஓடியது என்றேன். ஊதிச் சுத்தம் செய்து மாட்டி, ஸ்குருவைத் திருகி வைத்தான்.

வீட்டுக்கு வந்து கேட்டுக்கு முன்னால் ஸ்டாண்டு போட்டேன். கையை எடுத்தேன். இருமவில்லை. ஒரு கதவைத் திறந்தேன், நிதானமாக அடுத்த கதவையும் திறந்தேன். வண்டி அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மகளிடம் சொல்ல சாட்சி பலமாகிவிட்டது, சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வண்டிக்கு இனிமேல் கேட்டைத் திறந்துவைக்க ஆள் வேண்டாம். எனக்கு வேண்டும். திறந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன். எஞ்சின் சத்தத்தில் தெருவுக்குக் கேட்டிருக்காது.