எறும்புக்குப் பந்தி

பிரெஞ்சுப் பள்ளியில் செர்த்திபிகா என்ற ஆரம்பப் பரீட்சையோடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். இப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், அதுவும் எறும்பைப் பற்றி. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரர்கள் பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறிய காலத்தில், டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யவென்று பிரான்சிலிருந்து ஓர் இளைஞர் வந்து இறங்கினார். எனக்கு இரண்டு பாஷையும் தெரியும், அதிகம் பேச மாட்டேன் என்று யாரோ சொல்லி, என்னை அவருக்கு மொழிபெயர்ப்பாளனாகச் சேர்த்துவிட்டார்கள்.

முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே போனால் செம்மண் மேடு. பனைமரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும், நடுவே முழங்கால் உயரப் புல். ஊரார் அதைப் பொறம்போக்கு என்பார்கள். அவர் சவானா என்றார். ஆப்பிரிக்காவிலும் இப்படித்தான் இருக்குமாம். கப்பல் சரக்கோடு வந்த ஓர் அயல்நாட்டு எறும்பு உப்பளம் பக்கம் பெருகி, அந்த மேடு வரை வந்துவிட்டிருந்தது. "வெளியிலிருந்து வந்தது, இங்கேயே இருந்ததைத் துரத்திவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளுமா?" என்று மிகுந்த அக்கறையோடு என்னிடம் கேட்டார். ஒரு பிரெஞ்சுக்காரருக்கு அதற்குப் பதில் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

முளை அடித்துக் கயிறு கட்டி மேட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்தோம். பாதிக் கட்டங்களில் தினமும் காலையில் தகர மூடிகளில் வெல்லப்பாகு வைப்போம். மற்றவற்றில் ஒன்றும் வைக்கக் கூடாது. தீனி உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆராய்ச்சியே. ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டும், அதன் பிறகு அவருக்குக் கப்பல். பட்டம் அந்த ஒரு பருவத்தை நம்பியிருந்தது.

பக்கத்து ஊரிலிருந்து ஆடு ஓட்டி வரும் அம்மாள் ஒருத்தி வந்து நின்றாள்.

"ஏம்பா, இந்த முசே எறும்புக்கு வெல்லம் வெக்கிறாரே, சனி புடிச்சிருக்கா?"

வெள்ளைக்காரத் துரை என்றால் எங்கள் பக்கம் முசே; சனி தோஷம் கழிய எறும்புப் புற்றில் நொய்யும் சர்க்கரையும் போடுவார்கள்.

"இல்லம்மா. ஆராய்ச்சி. படிப்புக்காக."

"படிப்புல சனியா? அதான் எளைச்சுப் போயித் திரியறாரு. வெக்கட்டும், தீந்துடும்."

அவள் 'வெக்கட்டும்' என்றதை மட்டும் அவரிடம் சொன்னேன். ஊர் ஜனங்கள் விஞ்ஞானத்துக்கு ஆதரவாக இருக்கிறார்கள் என்று மகிழ்ந்து போனார்.

சில வாரங்களில் தீனி வைக்காத கட்டங்களிலும் அந்த எறும்பு மொய்த்தது. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தீனியே இல்லாமல் புல்வெளியைப் பிடிக்கும் எறும்பை இதுவரை யாரும் கண்டதில்லையாம். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒரு சாயங்காலம், மறந்து வைத்த தொப்பியை எடுக்க இருவரும் திரும்பிப் போனோம். அந்த அம்மாளும் இன்னும் சில பெண்களும் வெறும் கட்டங்களில் குனிந்து எதையோ தூவிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா பண்றீங்க?"

"பின்ன என்னப்பா? ஒரு பந்திக்கு வெல்லம் வெச்சுட்டு அடுத்த பந்தியப் பட்டினி போட்டா பாவம் யாருக்கு? புண்ணியம் தேடப் போயி பாவத்த வாங்கிக்கிறாரு ஒங்க முசே. அதான் நாங்க ஊட்டுக்கு ஒரு புடி நொய்யும் சக்கரையும் கொண்டாந்து போடறோம்."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து. அவருகிட்ட சொல்லிடாத. சொன்னா பலிக்காது."

சொல்லத்தான் வேண்டியிருந்தது, அதற்குத்தானே என்னை வைத்திருந்தார். கேட்டதும் அவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தியா, கண்ணு கலங்கிட்டாரு," என்றாள் அந்த அம்மாள். "நன்றி உள்ள மனுசன்."

இனி நிறுத்தினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கப் பருவம் இல்லை. கடல் பக்கம் மேகம் கட்டியிருந்தது. அவர் எழுந்து, பெண்களைப் பார்த்து, நம் ஊர்ப் பழக்கப்படி இரண்டு கைகளையும் கூப்பினார். அதை மொழிபெயர்க்கும்படி என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் முளைகளைப் பிடுங்கி மாட்டு வண்டியில் ஏற்றினோம். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது.