டிவி இல்லாத நாற்பது வீடுகள்

பி.ஏ. சமூகவியல் படிக்கிறேன் என்றால் எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். "கலெக்டர் ஆகப் போறியா?" என்பது ஒன்று. இல்லை என்றால், "அப்புறம் எதுக்கு?" என்பது அடுத்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்பா கேள்வியெல்லாம் கேட்க மாட்டார், நேராகத் தீர்ப்புதான். "ஊர்க்கதை கேக்கறதுக்கு ஒரு டிகிரி!"

அப்பா கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பெங்களூர் ஓரத்துச் சந்தாபுராவுக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். கடைசி வருஷம் அவர் ஒரு நிபந்தனை போட்டார். ப்ராஜெக்டில் நல்ல மார்க் வாங்கினால் எம்.ஏ. பற்றிப் பேசலாம், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு பேங்க் கோச்சிங் சேர வேண்டும். எனக்கு எம்.ஏ. வேண்டும். வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வரிசை வீடுகள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த நாற்பது குடும்பங்களை அங்கே பார்த்து, எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் ப்ராஜெக்ட். அயர்ன் பண்ணின சுடிதார், கழுத்தில் காலேஜ் ஐடி கார்டு, பரீட்சை அட்டையில் செருகிய கேள்வித்தாள் என்று கம்பீரமாகப் போனேன். நாலு பேர் மதிக்கட்டுமே என்ற நினைப்பு. அதுவே வினையாகப் போயிற்று.

டிவி, வண்டி என்று வசதியாக இருப்பவர்களின் ரேஷன் கார்டைப் பிடுங்க ஆட்கள் வருகிறார்கள் என்று அந்த வாரம் தெருவெல்லாம் பேச்சாம். அது தெரியாமல் நான் டிவி உண்டா, வண்டி உண்டா, எத்தனை பேர் சம்பாதிக்கிறீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டே போகிறேன். "டிவியா? ஐயோ மேடம், நாங்க தும்ப கஷ்டம்," என்று 'ரொம்ப'வைக் கன்னடத்தில் சொன்னார் ஒரு அக்கா. உள்ளே சீரியலில் எவளோ ஒருத்தி ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். வண்டியும் இல்லை என்றார். வாசலில் போர்வை போர்த்திய ஏதோ ஒன்றிலிருந்து கண்ணாடி எட்டிப் பார்த்தது. அவர்கள் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்று படித்திருந்தேனே, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நாற்பது தாளையும் பரப்பிப் பார்த்தேன். ஒரு வீட்டில்கூட டிவி இல்லை. வேலைக்குப் போகிறவர்களும் அபூர்வம். என் ஆராய்ச்சிப்படி அந்தத் தெரு எப்போதோ பட்டினியில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ப்ராஜெக்டைக் கொடுக்க மூன்றே வாரம்தான் இருந்தது. உட்கார்ந்து அழுதேன்.

ஷிப்ட் முடிந்து வந்த அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாம மட்டும் ரொம்ப யோக்கியமா? போன தடவ ஆளு வந்தப்ப பிரிட்ஜ் மேல பொடவைய போத்தி சாமி படம் வச்சது யாரு? உங்கம்மா. வண்டிய பின்தெருவுக்குத் தள்ளிட்டு ஓடுனது யாரு? நீ!"

முதலில் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. எழுத வேண்டியதே இதுதானே! கேள்வித்தாளோடு ஒருவர் கதவைத் தட்டினால் எங்களைப் போன்றவர்கள் எதையெல்லாம் ஒளிக்கிறோம், ஏன் ஒளிக்கிறோம்? எங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாமா என்று அப்பாவைக் கேட்டேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "எழுதுனா கார்டு போயிடுமா?"

"பேரு போட மாட்டேன்பா. தெரு பேருகூட வராது."

தலையைச் சொறிந்துகொண்டார். "உங்கம்மாவையும் ஒரு வார்த்த கேட்டுக்கோ."

அம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். "சாமி படம் என்னோட ஐடியான்னு சேத்து எழுது."

மறுநாள் ஐடி கார்டு, அட்டை எதுவும் இல்லாமல் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். நான் கார்டு பார்க்க வந்தவள் இல்லை, பழைய தாள்களைக் கிழித்துவிட்டேன் என்று சொல்லி, எங்கள் பிரிட்ஜ் கதையைச் சொன்னேன். "அடிப்பாவி, இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன!" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். டிவி முன்னால் உட்கார்ந்து, பெங்களூர் வந்த புதிதில் கார்டு இல்லாமல் பட்ட பாட்டையெல்லாம் சொன்னார். மற்ற வீடுகளுக்கும் அவரே கூட்டிப் போனார்.

வைவா அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பக்கங்களைப் புரட்டினார். "எல்லாருமே முதலில் பொய் சொன்னார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். இதில் நான் எதை நம்புவது?" "அவர்கள் பயந்தது நிஜம், சார். இதில் முதல் வீடு எங்கள் வீடு," என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த முதல் வீட்டை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

மார்க் நன்றாகவே வந்தது. அப்பா தாளை வாங்கிப் பார்த்து, மடித்துக் கொடுத்துவிட்டார். எம்.ஏ. பேச்சையே எடுக்காமல் சாப்பிட உட்கார்ந்தார். ராத்திரி முழுக்க எனக்கு ஆற்றாமை.

காலையில் இருவரும் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். அப்பாவோடு வேலை பார்ப்பவர் ஒருவர், "பொண்ணு என்ன படிக்குது?" என்றார். யார் கேட்டாலும் டிகிரி என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்வது அப்பாவின் வழக்கம்.

"சோசியாலஜி," என்றார் அப்பா. "அடுத்து எம்.ஏ.வும் அதேதான். அவ முன்னாடி பாத்துப் பேசுங்க, எல்லாத்தையும் எழுதிடுவா."