வள்ளித்தாய் எழுப்பிய தெரு

வள்ளித்தாய் இந்த ஆயுசில் வாங்கிய திட்டை எல்லாம் மூட்டை கட்டினால் ஒரு லாரி பத்தாது. அத்தனையும் விடியுமுன் வாங்கியது. "நாசமாப் போவா, வந்துட்டா" என்று தூக்கக் கலக்கத்தில் முனகாத வீடு அந்தத் தெருவில் கிடையாது. அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. உள்ளேயிருந்து திட்டு கேட்டால் ஆள் விழித்தாயிற்று என்று அர்த்தம். அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவாள்.

அவள் பார்த்த வேலை அதுதான், எழுப்பிவிடுகிற வேலை. இடைசெவலுக்குக் கிழக்கே, கரிசல் காட்டு நடுவில் ஒற்றைத் தெருவாக நீண்டு கிடக்கிற ஊர் அது. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெண்களை ஏற்றிப்போக இருட்டு விலகுமுன் பஸ் வரும். தொழிற்சாலை என்பதெல்லாம் பேப்பரில் எழுதுகிறவர்களுக்கு. இந்தப் பக்கம் அது ஆபீஸ்தான். வேப்பமரத்தடியில் பஸ் நிற்பது வெற்றிலை மடிக்கிற நேரம். அதற்குள் தெருவே முகம் கழுவி, தூக்குச்சட்டியில் கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்து நிற்கவேண்டும். வீட்டுக்கு வீடு கடிகாரம் இல்லாத காலம். அதனால் ஊருக்கு ஊர் எழுப்பிவிட ஒரு ஆளை ஆபீஸில் வைத்திருந்தார்கள். இந்த ஊருக்கு வள்ளித்தாய்.

அந்த வேலைக்கு அவளிடம் இருந்த ஒரே தகுதி தூக்கமின்மை. புருசன் மஞ்சள் காமாலையில் போனபோது மகன் மகாராஜா கைப்பிள்ளை. அன்றைக்குப் போன தூக்கம் திரும்பவே இல்லை. முதல் கோழிக்கு முன்னால் தெருவில் நடமாடிக்கொண்டிருந்தவளை பஸ் ஏஜென்ட் பார்த்தார். "சும்மாதானம்மா நடக்க? போற வழியில ரெண்டு கதவத் தட்டிட்டுப் போயேன்" என்றார். அப்படி ஆரம்பித்தது.

மழை பொய்த்துப் பொய்த்து, பருத்தியையும் கம்பையும் நம்பி உட்கார முடியாத வருசங்கள் அவை. எந்த வெயில் பயிரைக் கருக்கியதோ அதே வெயில்தான் தீக்குச்சியைக் காயவைத்தது. மழை பெய்யாத பூமி தீப்பெட்டிக்கு வாகான பூமி என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிக்கிற விசயம் இல்லை, ஆனால் அடுப்பு எரிந்தது. கோவில்பட்டியில் ஒரு பக்கம் பஞ்சாலைச் சங்கு ஊதும். இன்னொரு பக்கம் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிற வாசனை. எந்தச் சந்தில் நுழைந்தாலும் தீப்பெட்டி மருந்து வாடை. ஊர் ராத்திரியும் பகலும் வேலை பார்த்தது. பஸ்ஸில் இடம் இல்லாமல் பெண்கள் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து போனார்கள்.

வள்ளித்தாய் எல்லா வீட்டையும் ஒரே மாதிரி எழுப்பமாட்டாள். உமாராணி வீட்டில் கதவைத் தட்டினால் மாமியார் விழித்துக்கொண்டு ஒரு பாட்டம் ஆடிவிடுவாள். அதனால் தகரக் கூரையில் ஒரு சின்னக் கல். வாசலில் கட்டில் போட்டுக் கிடக்கிற பேச்சித்தாய்க்குக் காலில் ஒரு சொட்டுத் தண்ணீர். இப்படி வீட்டுக்கு ஒரு விதம் வைத்திருந்தாள். எதற்கும் மசியாத ஒருத்தி இருந்தாள், இசக்கிச்செல்வி.

செல்வி அப்போது பத்து வயசுப் பிள்ளை. ஆமாம், பத்து வயசுதான். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று கதைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளட்டும். பாவாடை சட்டையில், கையில் மருந்துக் கறையோடு, தூங்கித் தூங்கி விழுகிற பிள்ளைகளும் அந்த பஸ்ஸில் போனார்கள். கூப்பிட்டாலும் உலுக்கினாலும் செல்வி எழுந்திருக்கமாட்டாள். வள்ளித்தாய் அவளைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய் பஸ் சீட்டில் கிடத்துவாள். பிள்ளை கோவில்பட்டி போய்த்தான் கண் விழிக்கும். கிடத்திவிட்டு இறங்கும்போதெல்லாம் வள்ளித்தாய் பிள்ளையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். அதற்காக ஒருநாளும் கிடத்தாமல் இருந்ததில்லை.

தூக்க முடியாத அளவுக்குப் பிள்ளை வளர்ந்ததும் செல்வியின் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு சணல் கயிறு. ஒரு முனை செல்வியின் கால் பெருவிரலில், மறுமுனை ஜன்னல் வழியாக வெளியே. வள்ளித்தாய் வந்து வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால் உள்ளே "ஆத்தாடி!" என்று சத்தம் வரும். ஒருநாள் யார் வீட்டு ஆட்டுக்குட்டியோ அந்தக் கயிற்றை மென்று இழுத்துவிட்டது. செல்வி எழுந்து, கஞ்சி ஊற்றிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நடுச்சாமத்தில் ஒற்றையாய் நின்றிருக்கிறாள். பஸ் போய்விட்டது என்று நினைத்து அழுதுகொண்டே திரும்பி வந்தவளைப் பார்த்துத் தெருவே ஒரு வாரம் சிரித்தது.

சின்னப் பிள்ளைகளை வேலைக்கு ஏற்றுவது பிறகு நின்றது. செல்விக்கு வயசு ஏறிவிட்டதால் அவள் நிற்கவில்லை. அதே தெருவில் அத்தை மகனுக்கு வாக்கப்பட்டாள், நாலு வீடு தள்ளி ஜன்னல் மாறியது. கயிறு மாறவில்லை. "மாட்டைக் கட்டுன மாதிரில்லா கட்டிக்கிட்டுப் படுக்கா" என்று புருசன் கேலி பேசுவான். செல்போன் வந்து, அவள் மகளே அலாரம் வைத்துக் கொடுத்தும் பார்த்தாள். "அது கத்துனா அமத்திட்டு ஒறங்கிருவேன். பெரியம்மை இழுத்தாத்தான் எனக்கு முழிப்பு வரும்" என்று செல்வி சொல்லிவிட்டாள். வள்ளித்தாயை அவள் கூப்பிடுவது பெரியம்மை என்றுதான்.

தொழில் தேய்ந்ததை யாரும் வந்து சொல்லவில்லை. பஸ்ஸைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். பெரிய பஸ் வந்த இடத்தில் மினி பஸ் வந்தது. பிறகு வேன். பிளாஸ்டிக் லைட்டர் வந்தது. குச்சி அடுக்குவதிலிருந்து பெட்டியில் அடைப்பதுவரை மிஷினே பார்க்க ஆரம்பித்தது. படித்த பிள்ளைகள் நர்சாகவும் டீச்சராகவும் வெளியூர் போனார்கள், போகட்டும், அதுதான் நல்லது. பஞ்சாலைச் சங்கும் ஒருநாள் ஊதாமல் விட்டது. கடைசியில் வேப்பமரத்தடியில் ஐந்தாறு பேர்தான் நின்றார்கள், வேனில் காலை நீட்டி உட்காரலாம். அந்தச் சௌகரியம் யாருக்கும் பிடிக்கவில்லை.

மகாராஜா திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராகிச் சொந்த வீடும் கட்டிவிட்டான். ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மாவைக் கூப்பிடுவான். அவளும் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரே பதிலைச் சொல்வாள்: "நான் வந்துட்டா தெருவ யாருல எழுப்புவா?"

இந்த வருசம் மாசி மாதம் ஒரு சாயங்காலம், பெண்களை இறக்கிவிட்ட டிரைவர் தேவஆசீர்வாதம் வேனைக் கிளப்பாமல் இறங்கி வந்தார். வள்ளித்தாய் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள்.

"அக்கா, நாளையிலருந்து வண்டி வராது."

"ரிப்பேரா தம்பி?"

"இல்லக்கா. முழுசும் மிசினு போட்டாச்சி. உள்ளூர் ஆளுவளே போதும்ங்காவ. என்னையும் வேற வேல பாக்கச் சொல்லிட்டாவ." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் வார நேரத்துக்கு ஒரு நாளாவது இந்தத் தெருவு ஒறங்கிக் கெடந்து பாத்ததில்லக்கா. அத ஒங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சி."

சேதி கேட்டு மகாராஜா மறுநாளே புறப்பட்டு வந்துவிட்டான். இனி அவளுக்குச் சொல்லச் சாக்கு இல்லை. அதற்கடுத்த நாள் காலை பஸ்ஸுக்கு அம்மாவைக் கூட்டிப்போவதாக முடிவாயிற்று. அவள் இரண்டு சேலையை மடித்துப் பையில் வைத்தாள். மகன் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் தான் தேவைப்படுகிற வேலை போய்விட்டது, இனி இந்தத் தெருவுக்குத் தான் யாரோ என்ற நினைப்பு அவளை அரித்தது. எழுப்புகிறவளுக்கு எழுப்ப ஆள் வேண்டும். இல்லையென்றால் அவள் தூக்கம் வராத ஒரு கிழவி, அவ்வளவுதான்.

முந்தின நாள் காலையில் மனசு விட்டுப் படுக்கையிலேயே கிடந்தவள், புறப்படுகிற அன்று வழக்கமான நேரத்துக்கு எழுந்துவிட்டாள். முகம் கழுவினாள், தெருவில் இறங்கினாள். இதில் யோசனை எதுவும் இல்லை, கால் தானாகப் போயிற்று. குனிந்து ஒரு கல்லை எடுத்து உமாராணி வீட்டுத் தகரத்தில் எறிந்தாள். 'டங்' என்ற சத்தத்தில்தான் அவளுக்கே சுரணை வந்தது.

உள்ளே விளக்கு எரிந்தது. வள்ளித்தாய்க்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பி ஓடிவிடலாம் என்று நாலு எட்டு வைத்தவள் செல்வி வீட்டு ஜன்னலுக்கு நேரே வந்து நின்றுவிட்டாள்.

ஜன்னலில் கயிறு தொங்கியது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறந்துபோய்க் கட்டியிருப்பாள், கழுதை, தூங்கட்டும் என்று நினைத்தாள். கை கேட்கவில்லை. இழுத்தாள்.

"ஆத்தாடி" என்ற சத்தம் வரவில்லை. ஜன்னலை ஒட்டியே தெளிவான குரல் கேட்டது. செல்வி தூங்கவே இல்லை.

"வந்துட்டியா பெரியம்மை?"

"ஏட்டி செல்வி, வண்டி நின்னுட்டுல்லா. எதுக்குட்டி கயித்தக் கட்டுன?"

"வண்டி வராதுன்னு எனக்குத் தெரியாதா? நீ வருவியான்னு பாக்கத்தான் கட்டுனேன்." உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நேத்தும் கட்டிக்கிட்டுத்தான் படுத்தேன். நீ வரல. வெடிஞ்ச பொறவும் அப்படியே கெடந்தேன் பெரியம்மை."

வள்ளித்தாய் அந்த ஜன்னல் ஓரத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புருசன் செத்த அன்றைக்கு அழுததோடு சரி, அதற்குப் பிறகு தெருவில் உட்கார்ந்து அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. செல்வி கதவைத் திறந்துகொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கால்விரலில் கயிறு அப்படியே இருந்தது.

"பத்து வயசுல ஒன்னத் தூக்கிட்டுப் போயி பஸ்ஸுல போட்ட பாவிட்டி நான்" என்றாள் வள்ளித்தாய்.

"போட்டதோட விட்டியா? ஒன் முந்தானையவுல்லா கிழிச்சி, தெனமும் மடிச்சித் தலைக்கு வச்சிட்டு, சேலையக் குறுக்கிக் கட்டிக்கிட்டு எறங்கிப் போவ. நான் ஒறங்குனேன்னா நெனச்ச?"

ஏதோ ஒரு துண்டுத் துணியை வைத்ததாகத்தான் வள்ளித்தாய்க்கு ஞாபகம், அது முந்தானையைக் கிழித்தது என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது. கிழிந்த சேலைக்கு ஒட்டுப் போட்டவள் செல்வியின் அம்மா.

அதற்குள் உமாராணி கொண்டையை முடிந்தபடி வந்து சேர்ந்தாள். "எவ அவ, வண்டி இல்லாத நாளையில கல்லெறியுதவ?" என்று ஆரம்பித்தவள், இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச்சித்தாயும் வந்தாள். விடிகிறவரை நாலு பேரும் பழைய பஸ்ஸையும் ஆட்டுக்குட்டியையும் பேசிச் சிரித்தார்கள்.

பையைத் தூக்கிக்கொண்டு மகாராஜா தேடி வந்தான். "யம்மா, நேரமாச்சி. பஸ்ஸு போயிரும்."

வள்ளித்தாய் கண்ணைத் துடைத்தாள். "நீ போயிட்டு வா ராசா. பொங்கலுக்கு வாரேன், நாலு நாள் இருக்கேன். எனக்கு நாளைக்கு இவியள எழுப்பணும்."

அவனுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "வண்டி கெடையாது, வேல கெடையாது. எதுக்கும்மா இவியள எழுப்பணும்?"

செல்விதான் கால்விரலிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

"வெடியுமுன்ன திட்டுததுக்கு எங்களுக்கு ஒரு ஆளு வேணும்லா, தம்பி."