மஞ்சூர் பஸ்ஸில் கிடைத்த ஓ நெகட்டிவ்

இன்னும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

நேற்று எமரால்டு பக்கம் பனிமூட்டத்தில் சித்தப்பாவின் பிக்கப் வண்டி கவிழ்ந்து, அவருக்குத் தொடை எலும்பு நொறுங்கிவிட்டது. இன்று மதியம் ஊட்டியில் ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ரத்தம் இரண்டு யூனிட் வேண்டும் என்றார்கள்.

காலையில் மஞ்சூரில் பஸ் ஏறியதிலிருந்து தெரிந்தவர்களை எல்லாம் போனில் கெஞ்சிக்கொண்டே வந்தேன். அதைக் கேட்ட கண்டக்டர் விசில் ஊதி எல்லோரையும் அமைதியாக்கினார்.

“ஏனுங்க, ஒரு உசுரு விஷயம். ஓ நெகட்டிவ் யாராச்சும் இருக்கீங்களா?”

பட்டுச்சேலை கட்டிய ஓர் அக்கா எழுந்தார். எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்.

“எனக்கு அதேதானுங்க. பிரசவத்தப்ப சொன்னாங்க.”

“முகூர்த்தம் போயிருமேங்கக்கா?” என்றேன்.

“போனாப் போகுதுங்க. நான் பந்திக்குப் போய்க்கறேன்.”

முன் சீட்டிலிருந்த கேரட் வியாபாரி உடனே தன் மச்சினனைப் போனில் பிடித்தார். “மாப்ள, உனக்கு அந்த குரூப்புதான? பைக்கை எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு வா.”

டிரைவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தினார். அங்கே ஸ்டாப் கிடையாது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

அக்காவும் பைக்கில் வந்துசேர்ந்த மச்சினனும் ஆளுக்கொரு யூனிட் கொடுத்தார்கள். நாலு மணிக்கு டாக்டர் வெளியே வந்து, “காலைக் காப்பாத்தியாச்சு, நடப்பாரு” என்றார். சித்தி என் தோளில் சாய்ந்து அழுதார். நானும்தான்.

ஒரு விஷயம். ரத்தம் எடுக்கும் இடத்தில் நர்ஸ் என் குரூப்பைக் கேட்டார். காலையிலிருந்து ஊரையே விசாரித்த எனக்கு என்னுடையது தெரியவில்லை. பார்த்தால் பி பாசிட்டிவ்.

உங்களுடையது என்ன? கமெண்டில் போடுங்கள். தெரியாதவர்களும் தைரியமாகச் சொல்லலாம், சிரிக்கும் தகுதி எனக்கில்லை.